பதிவும் வீடும்: கனடாவில் புதிதாகக் குடியேறியவர்கள் வீட்டுக் கடனுக்குத் தகுதி பெறும் வழி

கனடாவுக்குப் புதிதாகக் குடிபெயர்பவர் தம் கல்வியையும் தொழில் அனுபவத்தையும் உழைக்கும் மனத்தையும் உடன் கொண்டுவர முடிகிறது. ஆனால் பிறந்த நாட்டில் பல ஆண்டுகள் ஒரு தவணையும் தவறாமல் கடனை அடைத்தவர் என்ற நற்பெயரை அவ்வளவு எளிதாகக் கொண்டுவர முடிவதில்லை. சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ உள்ள வங்கி மேலாளர் அவரை நன்கு அறிந்திருக்கலாம். டொரன்டோ வங்கியின் கணினியிலோ அவர் பெயருக்கு எதிரே ஒரு வரிகூட இருப்பதில்லை. இதனால், மாதம் தவறாமல் சம்பளம் பெற்று வாடகையையும் ஒழுங்காகச் செலுத்திவரும் குடும்பங்கள்கூட, கேட்டால் கடன் கிடைக்காது என்று தாமே முடிவுசெய்து பல ஆண்டுகள் கேளாமலே இருந்துவிடுகின்றன. வேறு சில குடும்பங்கள், கேட்ட தொகை கிடைத்துவிட்டது என்பதற்காகவே தாங்க முடியாத சுமையை ஏற்றுக்கொள்கின்றன.

இவ்விரு தவறுகளுக்கும் அடிப்படை ஒன்றே: கடன் கொடுக்கும் நிறுவனம் எதை அளக்கிறது, எதை அளப்பதில்லை என்பது விண்ணப்பிப்பவருக்குத் தெளிவாகத் தெரிவதில்லை. ஒருவருடைய நேர்மையை வங்கி நேரடியாக அறிய வழியில்லாததால், அந்த நேர்மை ஏடுகளில் விட்டுச்சென்ற தடயங்களையே அது படிக்கிறது. ஆகவே புதிதாக வந்தவரின் முதல் வேலை அத்தடயங்களை முறையாக உருவாக்குவதும், கடைசி வேலை வங்கி அளக்காமல் விட்டவற்றைத் தாமே அளந்துகொள்வதும் ஆகும். 1983-க்குப் பின் இலங்கையிலிருந்து அடைக்கலம் தேடி வந்த தமிழர்களும், பின்னர் தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கும் படிப்புக்கும் வந்தவர்களும் ஸ்கார்பரோ, மார்க்கம், ஏஜாக்ஸ், பிராம்டன் முதலிய ஒன்டாரியோ மாகாணப் பகுதிகளில் பெருமளவில் வாழ்வதால், இங்கே தரப்படும் கணக்குகளும் அம்மாகாணத்தையே சார்ந்துள்ளன.

கடனில் மூன்று தரப்புகள்

பேச்சுவழக்கில் மோர்ட்கேஜ் எனப்படும் வீட்டுக் கடனைக் கடன் வாங்குபவருக்கும் வங்கிக்கும் இடையிலான ஒப்பந்தமாகவே பலரும் எண்ணுகின்றனர். ஆனால் கனடாவில் பெரும்பாலான புதியவர்களின் கடனில் மூன்றாவது தரப்பு ஒன்றும் இருக்கிறது. வீட்டு விலையில் வாங்குபவர் தம் கையிலிருந்து செலுத்தும் பகுதி முன்பணம், அதாவது டவுன் பேமென்ட் எனப்படுகிறது. அது விலையில் 20 விழுக்காட்டுக்குக் குறைவாக இருந்தால், கடனுக்கு அடமானக் காப்பீடு எடுப்பது பொதுவாகக் கட்டாயமாகிறது. இக்காப்பீட்டை வழங்குபவை மூன்று நிறுவனங்கள்: அரசுக்குச் சொந்தமான, சி.எம்.எச்.சி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் கனடா அடமான வீட்டுவசதிக் கழகம், தனியார் நிறுவனங்களான சேஜன், கனடா கேரன்டி ஆகியன. இரண்டாம் உலகப் போருக்குப் பின் எழுந்த வீட்டுத் தேவையை எதிர்கொள்ள 1946-இல் தொடங்கப்பட்ட சி.எம்.எச்.சி., 1954-ஆம் ஆண்டின் தேசிய வீட்டுவசதிச் சட்டத்தின் வழியாக அடமானக் காப்பீட்டை அறிமுகப்படுத்தியது. குறைந்த முன்பணத்துடன் வீடு வாங்கும் வழி அதனால்தான் திறந்தது.

இக்காப்பீடு வங்கியைப் பாதுகாக்கிறதே அன்றிக் கடன் வாங்குபவரைப் பாதுகாப்பதில்லை என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். கட்டணத்தைச் செலுத்துபவர் கடன் வாங்குபவர். தவணை நின்றுபோனால் இழப்பீடு பெறுவது வங்கி. வேலை இழப்போ நோயோ வந்தால் இக்காப்பீடு தம் தவணையைக் கட்டிவிடும் என்று நம்புவது பெரும் பிழையாகும். அதே வேளையில், வந்த சில ஆண்டுகளில் 20 விழுக்காடு சேர்ப்பது அரிது என்பதால், புதியவருடைய விண்ணப்பத்தின் முடிவு வங்கியின் விருப்பத்தை மட்டுமன்றிக் காப்பீட்டு நிறுவனத்தின் விதிகளையும் சார்ந்திருக்கிறது.

குடியேற்ற நிலை என்னும் முதல் வாசல்

நிரந்தர வதிவிட உரிமை பெற்றவருக்கு, அதாவது பி.ஆர். உள்ளவருக்கு, வீடு வாங்கும் உரிமையில் குடிமக்களிடமிருந்து வேறுபாடு இல்லை. தற்காலிகமாக வாழ்பவர்களின் நிலை வேறு. கனடியர் அல்லாதவர்கள் குடியிருப்புச் சொத்து வாங்குவதைத் தடைசெய்யும் கூட்டாட்சிச் சட்டம் 2023 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்து, பின்னர் 2027 ஜனவரி 1 வரை நீட்டிக்கப்பட்டது. அகதிகளாக ஏற்றுக்கொள்ளப்பட்டுப் பாதுகாப்புப் பெற்றவர்களுக்கு இத்தடை பொருந்தாது. வேலை அனுமதியில் இருப்பவர்கள், வாங்கும் நாளில் அந்த அனுமதி குறைந்தது 183 நாட்களுக்குச் செல்லுபடியாக இருந்தால், ஒரே ஒரு வீட்டை வாங்கலாம்.

எனினும், கூட்டாட்சிச் சட்டம் திறந்துவைத்த கதவை மாகாண வரி பெரும்பாலும் மூடிவிடுகிறது. குடியுரிமையோ நிரந்தர வதிவிட உரிமையோ இல்லாதவர்கள் ஒன்டாரியோவில் வீடு வாங்கினால் விலையில் 25 விழுக்காட்டைத் தனி வரியாகச் செலுத்த வேண்டும். 2025 ஜனவரி முதல் டொரன்டோ மாநகராட்சி இதற்கு மேல் 10 விழுக்காட்டை விதிக்கிறது. பாதுகாப்புப் பெற்ற அகதிகளுக்கும், குடிமகனையோ நிரந்தர வதிவாளரையோ மணந்து அவருடன் சேர்ந்து வாங்குபவர்களுக்கும் விலக்கு உண்டு. நான்கு ஆண்டுகளுக்குள் நிரந்தர வதிவிட உரிமை பெற்று, பிற நிபந்தனைகளையும் நிறைவேற்றுபவர் மாகாண வரியைத் திரும்பக் கோரலாம். ஆனால் 7 லட்சம் டாலர் வீட்டுக்கு ஒன்டாரியோவின் வரி மட்டுமே 1,75,000 டாலர் ஆவதால், விலக்குப் பெறாத வேலை அனுமதியாளர் பி.ஆர். கிடைக்கும்வரை காத்திருப்பதே பெரும்பாலும் அறிவுடைமை.

கடன் வரலாறு

கனடாவில் ஒருவரின் கடன் நடத்தையைப் பதிவுசெய்பவை ஈக்விஃபாக்ஸ், டிரான்ஸ்யூனியன் ஆகிய இரு நிறுவனங்கள். கடன் அட்டைகளையும் கார்க் கடன்களையும் கைபேசிக் கட்டணங்களையும் பற்றி வங்கிகளும் பிற நிறுவனங்களும் அனுப்பும் தகவல்களைத் தொகுத்து, 300 முதல் 900 வரையிலான மதிப்பெண்ணாக இவை மாற்றுகின்றன. இதுவே கிரெடிட் ஸ்கோர். சி.எம்.எச்.சி. காப்பீட்டுக்கு, கடன் வாங்குபவர்களில் ஒருவருக்கேனும் குறைந்தது 600 மதிப்பெண் தேவை. வங்கிகள் தம்மளவில் இதைவிட உயர்ந்த அளவை எதிர்பார்க்கலாம்.

கடனே வாங்காமல் வாழ்வதைப் பெருமையாகக் கருதும் மரபில் வந்தவர்களுக்கு இந்த முறை விளங்காப் புதிராகத் தோன்றுவது இயல்பு. கடன் வாங்காதவரைப் பற்றி இந்நிறுவனங்களிடம் தகவல் எதுவும் இல்லாததால், அவர் நல்லவராகவும் பதிவாவதில்லை, தீயவராகவும் பதிவாவதில்லை. வெறுமனே அறியப்படாதவராக நிற்கிறார். எனவே வந்த முதல் மாதத்திலேயே ஒரு கடன் அட்டையைப் பெற்று, அன்றாடச் செலவுகளுக்கு அளவாகப் பயன்படுத்தி, கெடு நாளுக்கு முன் முழுத் தொகையையும் செலுத்திவருவது பயனுள்ள வழக்கம். சாதாரண அட்டை கிடைக்காதவர்கள், குறிப்பிட்ட தொகையை வங்கியில் வைப்பாகக் கட்டி அதன் பிணையில் அட்டை பெறலாம். மதிப்பெண்ணை மிகுதியாகத் தீர்மானிப்பது தவணை தவறாமை. அடுத்து, அட்டையின் உச்சவரம்பில் எவ்வளவு பங்கு பயன்படுத்தப்படுகிறது என்பது. உச்சவரம்பில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாமல் இருப்பதும், குறுகிய காலத்தில் பல இடங்களில் புதுக் கடனுக்கு விண்ணப்பிக்காமல் இருப்பதும் நன்மை தரும்.

போதிய உள்நாட்டுப் பதிவு உருவாகும்வரை வழியே இல்லை என்பதும் உண்மையன்று. அண்மையில் குடியேறியவர்களுக்கெனக் காப்பீட்டு நிறுவனங்களும் பெரிய வங்கிகளும் தனித் திட்டங்களை நடத்துகின்றன. கனடாவுக்கு வந்து ஐந்து ஆண்டுகள் ஆகாதவர்களைப் புதியவர்களாகக் கொள்வது இவற்றில் பரவலான அளவுகோல். இத்திட்டங்களில் உள்நாட்டு மதிப்பெண்ணுக்கு மாற்றாக வேறு சான்றுகள் ஏற்கப்படுகின்றன: பிறந்த நாட்டிலிருந்து பெறப்படும் கடன் அறிக்கை, முன்பு கணக்கு வைத்திருந்த வங்கியின் நற்சான்றுக் கடிதம், பன்னிரண்டு மாதம் வாடகையை ஒழுங்காகச் செலுத்தியதற்கான வங்கிப் பதிவும் வீட்டு உரிமையாளரின் கடிதமும், மின்சாரம், தொலைபேசி, வாகனக் காப்பீடு போன்றவற்றுக்குத் தவறாமல் பணம் கட்டியதற்கான ரசீதுகள் முதலியன. வாடகையை ரொக்கமாகக் கொடுப்பவர்களும், மின் இணைப்பு வேறொருவர் பெயரில் இருக்கும் பேஸ்மென்ட் வீட்டில் குடியிருப்பவர்களும் இங்கேதான் இழப்புக்கு உள்ளாகிறார்கள்: பணம் உரிய நாளில் போய்ச்சேர்ந்திருக்கிறது, ஆனால் அவர்கள் பெயரில் ஒரு வரியும் எழுதப்படவில்லை. வாடகையைக் காசோலை வழியாகவோ வங்கிப் பரிமாற்றம் வழியாகவோ செலுத்துவதும், ஏதேனும் இரண்டு மாதாந்தரக் கட்டணங்களையாவது தம் பெயரில் வைத்திருப்பதும் செலவில்லாமல் கிடைக்கும் முன்னேற்பாடுகள்.

வருமானம்

வருமானத்தைப் பொறுத்தவரை வங்கி இரண்டு கேள்விகளைக் கேட்கிறது: எவ்வளவு வருகிறது, தொடர்ந்து வருமா? மாதச் சம்பளக்காரர்களிடம், பதவியையும் ஊதியத்தையும் சேர்ந்த நாளையும் குறிப்பிடும் வேலைக் கடிதம், அண்மைய சம்பளச் சீட்டுகள், ஆண்டு முடிவில் முதலாளி தரும் டி-4 படிவம், வருமான வரித்துறையின் மதிப்பீட்டு அறிவிப்பு ஆகியவை கேட்கப்படுகின்றன. புதியவர்களுக்கான திட்டங்களில் கனடாவில் மூன்று மாத முழுநேர வேலையே போதுமானதாகக் கொள்ளப்படுவது உண்டு. எனினும் பயிற்சிக் காலம் முடிந்து வேலை நிரந்தரமான பிறகு விண்ணப்பிப்பதே பாதுகாப்பானது. ஒரே துறையில் பிறந்த நாட்டிலும் பணியாற்றியவர்கள் அந்த அனுபவச் சான்றுகளையும் இணைத்தால், வருமானத்தின் தொடர்ச்சியை நிறுவ அவை துணைசெய்யும்.

டாக்சி, சரக்குந்து, சிறு கடை, கட்டட வேலை எனச் சொந்தத் தொழில் செய்பவர்களிடம் பொதுவாக இரண்டு ஆண்டு வரிக் கணக்குகள் கேட்கப்படுகின்றன. வரியைக் குறைப்பதற்காகச் செலவுகளை மிகுதியாகக் காட்டி நிகர வருமானத்தைச் சுருக்கிக்கொண்டவர்களுக்கு, கடன் பெறும் தகுதியும் அதே அளவில் சுருங்குகிறது. கணக்கில் காட்டாமல் ரொக்கமாகப் பெறும் ஊதியம் வங்கியின் பார்வையில் வருமானமே அன்று. அத்தகைய வேலையில் கழியும் ஒவ்வோர் ஆண்டும் வீட்டுக் கடன் பாதையில் ஓர் ஆண்டு பின்தங்குதலாகும்.

இரண்டு விகிதங்களும் ஒரு சோதனையும்

வருமானம் உறுதியானதும், எவ்வளவு கடன் தரலாம் என்பதை வங்கி இரண்டு விகிதங்களால் கணக்கிடுகிறது. முதலாவது வீட்டுச் செலவு விகிதம்: கடன் தவணை, சொத்து வரி, வெப்பமூட்டும் செலவு, அடுக்குமாடியானால் பராமரிப்புக் கட்டணத்தில் பாதி ஆகியவற்றின் கூட்டுத்தொகை, வரி பிடிப்பதற்கு முந்தைய மாத வருமானத்தில் 39 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. இரண்டாவது மொத்தக் கடன் விகிதம்: மேற்கண்டவற்றுடன் கார்க் கடன், மாணவர் கடன், கடன் அட்டை நிலுவை முதலியவற்றின் மாதச் சுமையையும் சேர்த்தால் 44 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. இவை சி.எம்.எச்.சி. காப்பீட்டுக்குரிய வரம்புகள்.

இவற்றுடன் வருவது ஸ்ட்ரெஸ் டெஸ்ட் எனப்படும் தாங்குதிறன் சோதனை. கனடாவில் கடன் முழுவதும் அடைவதற்கு 25 அல்லது 30 ஆண்டுகள் எடுத்துக்கொண்டாலும், வட்டி விகித ஒப்பந்தம் பெரும்பாலும் ஐந்து ஆண்டு போன்ற குறுகிய காலத்துக்கே செய்யப்படுகிறது. அது முடிந்ததும் அன்றைய சந்தை வட்டியில் புதுப்பிக்க வேண்டியிருக்கும். கனடாவின் மைய வங்கி தன் வட்டியை 2020 மார்ச்சில் 0.25 விழுக்காடாகக் குறைத்து, 2022 மார்ச் முதல் படிப்படியாக ஏற்றி, 2023 ஜூலையில் 5 விழுக்காட்டுக்குக் கொண்டுசென்றது. இத்தகைய ஏற்றத்தைக் குடும்பம் தாங்குமா என்பதை முன்கூட்டியே பார்ப்பதே இச்சோதனையின் நோக்கம். ஒப்பந்த வட்டியுடன் 2 விழுக்காடு கூட்டி வருவது, அல்லது 5.25 விழுக்காடு, இவற்றில் எது உயர்ந்ததோ அந்த வட்டியில் தவணை கணக்கிடப்பட்டு, விகிதங்கள் அதன்மேல் பொருத்தப்படுகின்றன.

ஓர் எடுத்துக்காட்டு இதைத் தெளிவாக்கும். கணவன், மனைவி இருவரின் கூட்டு வருமானம் ஆண்டுக்கு 1 லட்சம் டாலர் என்றும், சொத்து வரி மாதம் 350 டாலர், வெப்பமூட்டும் செலவு 100 டாலர் என்றும், ஒப்பந்த வட்டி 4.5 விழுக்காடு, கடன் காலம் 25 ஆண்டு என்றும் கொள்வோம். 39 விழுக்காட்டு வரம்பின்படி வீட்டுச் செலவுக்கு மாதம் 3,250 டாலர் ஒதுங்கும். அதில் தவணைக்குக் கிடைப்பது 2,800 டாலர். 4.5 விழுக்காட்டு வட்டியில் இத்தவணை ஏறத்தாழ 5,06,000 டாலர் கடனைத் தாங்கும். ஆனால் சோதனை வட்டியான 6.5 விழுக்காட்டில் சுமார் 4,18,000 டாலரை மட்டுமே தாங்கும். வங்கி பின்னதையே ஏற்கும். இக்குடும்பம் மாதம் 700 டாலர் தவணையில் ஒரு காரும் வாங்கியிருந்தால், மொத்தக் கடன் விகிதம் குறுக்கே வந்து, கடன் மேலும் சுமார் 42,000 டாலர் குறைந்து 3,76,000 டாலரளவில் நின்றுவிடும். வந்த முதல் ஆண்டில் புதுக் காரைத் தவணையில் வாங்குவது வீட்டுக் கனவை எவ்வளவு தள்ளிப்போடுகிறது என்பதை இந்த ஒரு கணக்கே காட்டுகிறது.

முன்பணமும் அதன் பிறப்பிடமும்

குறைந்த அளவு முன்பணம் வீட்டு விலையின் முதல் 5 லட்சம் டாலருக்கு 5 விழுக்காடும், அதற்கு மேற்பட்ட பகுதிக்கு 10 விழுக்காடும் ஆகும். காப்பீடு பெறத்தக்க வீட்டு விலையின் உச்சவரம்பு 10 லட்சம் டாலராக இருந்து, 2024 டிசம்பர் 15 முதல் 15 லட்சமாக உயர்த்தப்பட்டது. அதே நாள் முதல், முதன்முறை வீடு வாங்குபவர்களும் புதிதாகக் கட்டப்பட்ட வீட்டை வாங்குபவர்களும் காப்பீட்டுக் கடனை 30 ஆண்டுகளில் அடைக்கவும் அனுமதிக்கப்பட்டனர். இதன்படி 7 லட்சம் டாலர் வீட்டுக்கு முன்பணம் 45,000 டாலர் போதும். எனினும் மீதமுள்ள 6,55,000 டாலருக்கு 4 விழுக்காட்டுக் காப்பீட்டுக் கட்டணமாக 26,200 டாலர் கடனுடன் சேர்க்கப்படும். அக்கட்டணத்தின் மீதான 8 விழுக்காட்டு மாகாண விற்பனை வரியான 2,096 டாலரைக் கடனில் சேர்க்க முடியாது, கையிலிருந்தே கட்ட வேண்டும். மேற்சொன்ன அதே வட்டியும் செலவுகளும் காலமும் பொருந்துமானால், இந்தக் கடனுக்குத் தகுதிபெறக் குடும்ப வருமானம் சுமார் 1,54,000 டாலர் இருக்க வேண்டும். முன்பணம் சேர்ந்துவிட்டால் வீடு வந்துவிடும் என்று கருதுவோர் இந்த இடைவெளியைக் கவனிக்க வேண்டும்.

முன்பணத்தின் அளவைப் போலவே அது எங்கிருந்து வந்தது என்பதையும் வங்கி ஆராய்கிறது. வழக்கமாக, கடந்த 90 நாட்களின் வங்கிக் கணக்கு விவரம் கேட்கப்படுகிறது; இடையில் பெருந்தொகை ஒன்று வந்து விழுந்திருந்தால் அதற்கு விளக்கமும் சான்றும் தேவை. தமிழரிடையே பரவலாக உள்ள சீட்டுப் பணம் இங்கே சிக்கலாகிறது: நம்பிக்கையின் அடிப்படையில் ரொக்கமாகக் கைமாறும் சீட்டுக்கு ஏட்டில் ஆதாரம் இல்லாததால், பல ஆண்டுகள் வியர்வை சிந்திச் சேர்த்த தொகையும் விளக்க முடியாத பணமாகத் தோற்றமளிக்கிறது. அத்தகைய சேமிப்பை உரிய காலத்துக்கு முன்பே வங்கிக் கணக்கின் வழியாக நடத்திவருவது இதைத் தவிர்க்கும். பெற்றோரோ உடன்பிறந்தோரோ கொடுக்கும் தொகையைத் திருப்பித் தர வேண்டியதில்லை என்று அவர்கள் கையெழுத்திட்ட அன்பளிப்புக் கடிதத்துடன் முன்பணமாக ஏற்பது வழக்கம். உண்மையில் அது கடனாக இருந்து, அன்பளிப்பு என்று எழுதப்பட்டால், அது பொய்ச் சான்றாகும்.

இந்தியாவிலிருந்து பணம் கொண்டுவருபவர்களுக்கு அந்நாட்டு விதிகளும் பொருந்தும். இந்தியாவில் வாழும் பெற்றோர், தாராளமயப் பணம் அனுப்பும் திட்டத்தின் கீழ் ஒருவருக்கு ஒரு நிதியாண்டில் 2,50,000 அமெரிக்க டாலர் வரை அனுப்பலாம். வெளிநாடுவாழ் இந்தியராகிவிட்டவர், சொத்து விற்ற தொகை முதலியவற்றை, வரி செலுத்தியபின் தம் என்.ஆர்.ஓ. கணக்கிலிருந்து ஆண்டுக்குப் பத்து லட்சம் அமெரிக்க டாலர் வரை வெளியே கொண்டுசெல்லலாம். கனடாவில் 10,000 டாலரோ அதற்கு மேலோ வெளிநாட்டிலிருந்து மின்வழி வந்தால், வங்கி அதை நிதிக் கண்காணிப்பு அமைப்பான ஃபின்டிராக்குக்குத் தெரிவிக்கும். இது குற்றச்சாட்டும் அன்று, வரியும் அன்று. அறிவிப்புக்கு அஞ்சித் தொகையைச் சிறு துண்டுகளாக்கி அனுப்புவதும், உண்டியல் எனப்படும் முறைசாராப் பணமாற்று வழியாகக் கொண்டுவருவதும்தான் நேர்மையான பணத்தையும் ஐயத்துக்குரியதாக்குகின்றன.

சேமிக்கும் வழிகளில் 2023 ஏப்ரலில் தொடங்கப்பட்ட முதல் வீட்டுச் சேமிப்புக் கணக்கு புதியவர்களுக்கு மிகவும் ஏற்றது. கணக்குத் தொடங்கிய ஆண்டில் 8,000 டாலர் வரையும், வாழ்நாளில் 40,000 டாலர் வரையும் இதில் சேர்க்கலாம். சேர்க்கும் தொகைக்கு வருமான வரிக் கழிவு உண்டு, தகுதியான வீடு வாங்க எடுக்கும்போது வரியும் இல்லை. இதில் சேரும் உரிமை கணக்குத் தொடங்கிய நாளிலிருந்தே வளர்வதால், கையில் பணம் இல்லாவிட்டாலும் தகுதியுள்ளவர்கள் கணக்கை மட்டுமாவது உடனே தொடங்கிவைப்பது நல்லது.

கணக்கில் விடுபடும் செலவுகள்

முன்பணத்துக்கு மேல், வீட்டைப் பெயருக்கு மாற்றும் செலவுகளுக்காக விலையில் குறைந்தது 1.5 விழுக்காடு கையில் இருப்பதைக் காட்டுமாறு கடன் கொடுப்பவர்கள் கேட்கின்றனர். 7 லட்சம் டாலர் வீட்டுக்கு இது 10,500 டாலர். ஆனால் டொரன்டோ மாநகருக்குள் வாங்கினால் இத்தொகை போதாது. நில மாற்று வரியாக மாகாணத்துக்கு 10,475 டாலரும் மாநகராட்சிக்கு அதே அளவும் செலுத்த வேண்டும். முதன்முறை வாங்குபவர்களுக்கு மாகாணம் 4,000 டாலர் வரையும் மாநகராட்சி 4,475 டாலர் வரையும் தள்ளுபடி தருவதால், எஞ்சுவது 12,475 டாலர். வழக்கறிஞர் கட்டணம், வீட்டு ஆய்வு, காப்பீட்டுக் கட்டணத்தின் மீதான வரி ஆகியவை தனி.

முதன்முறை வாங்குபவர் யார் என்பதில் புதியவர்கள் அறியாத நுட்பம் ஒன்று உண்டு. ஒன்டாரியோவின் தள்ளுபடியைப் பெற, விண்ணப்பிப்பவர் உலகில் எந்த இடத்திலும் எந்தக் காலத்திலும் வீட்டு உரிமையாளராக இருந்திருக்கக் கூடாது; குடிமகனாகவோ நிரந்தர வதிவாளராகவோ இருக்கவும் வேண்டும். ஊரில் தந்தை வழியாகப் பெயரில் வந்த ஒரு வீட்டுப் பங்குகூட இத்தகுதியைப் பாதிக்கக்கூடும். முதல் வீட்டுச் சேமிப்புக் கணக்கின் அளவுகோலோ இதைவிட நெகிழ்வானது. கணக்குத் தொடங்கும் ஆண்டிலும் அதற்கு முந்தைய நான்கு ஆண்டுகளிலும் தமக்கோ துணைக்கோ சொந்தமான வீட்டில் குடியிருந்தாரா என்பதையே அது பார்க்கிறது. ஊரில் உள்ள சொத்தை வழக்கறிஞரிடம் மறைக்காமல் சொல்லி, எந்தச் சலுகை பொருந்தும் என்று முன்பே தெளிந்துகொள்வது பின்னால் வரும் அபராதத்தைத் தடுக்கும்.

முன் ஒப்புதலுக்கும் சாவிக்கும் இடையில்

வங்கி தரும் முன் ஒப்புதல் இறுதி முடிவன்று. வட்டியைச் சில மாதங்களுக்கு நிறுத்திவைத்து, தோராயமான உச்சத் தொகையைத் தெரிவிக்கும் கடிதமே அது. வீட்டின் மதிப்பு ஆய்வும், ஆவணங்களின் சரிபார்ப்பும், காப்பீட்டு நிறுவனத்தின் ஒப்புதலும் அதன் பின்னரே நடைபெறுகின்றன. ஆகையால் வீட்டை வாங்க விலை முன்வைக்கும்போது, கடன் கிடைத்தால் மட்டுமே ஒப்பந்தம் நிலைக்கும் என்ற நிபந்தனையைச் சேர்ப்பது புதியவருக்கு இன்றியமையாதது. போட்டி மிகுந்த சந்தையில் இந்நிபந்தனையைக் கைவிடுமாறு தூண்டப்பட்டு, பின்னர் கடன் மறுக்கப்பட்டால், கட்டிய வைப்புத்தொகையை இழப்பதோடு விற்பவரின் வழக்கையும் எதிர்கொள்ள நேரலாம். ஒப்புதலுக்கும் சாவி கைக்கு வரும் நாளுக்கும் இடையில் வேலை மாறுவதும், தவணையில் பொருள் வாங்குவதும் ஒப்புதலையே குலைத்துவிடக்கூடும்.

மறுப்பு வந்தால் அதன் காரணத்தைக் கேட்டறிவதே முதல் வேலை. ஒரு வங்கியின் மறுப்பு எல்லா வங்கிகளின் மறுப்பும் அன்று. பல நிறுவனங்களின் திட்டங்களை அறிந்த கடன் முகவர்கள் இங்கே உதவுவார்கள். ஒன்டாரியோவில் அவர்களுக்கு நிதிச் சேவைகள் ஒழுங்குமுறை ஆணையத்தின் உரிமம் தேவை என்பதால், அந்த உரிமத்தைப் பொதுமக்கள் இணையத்தில் சரிபார்த்துக்கொள்ளலாம். போலிச் சம்பளச் சீட்டும் போலி வேலைக் கடிதமும் தயாரித்துத் தருவதாகச் சொல்பவர் எந்த மொழி பேசினாலும், எந்த ஊர்க்காரராக இருந்தாலும், அவரை விட்டு விலக வேண்டும். கையெழுத்திடுபவரே பொறுப்பாளி, மோசடிக் குற்றம் உறுதியானால் நிரந்தர வதிவிட உரிமைகூடக் கேள்விக்குள்ளாகலாம். உயர்ந்த வட்டியும் கட்டணமும் வசூலிக்கும் தனியார் கடனை நாடுபவர்களும், ஓராண்டில் அதிலிருந்து வெளியேறும் வழி உறுதியாகத் தெரிந்தாலன்றி அதில் இறங்கக் கூடாது.

வங்கியின் வரம்பும் குடும்பத்தின் வரம்பும்

மேற்கண்ட எல்லா விதிகளும் பதிவில் இருப்பவற்றையே அளக்கின்றன. ஊரில் உள்ள தாய் தந்தையருக்கு மாதந்தோறும் அனுப்பும் பணம், தங்கையின் திருமணத்துக்குத் தருவதாகச் சொன்ன தொகை, குழந்தைக் காப்பகக் கட்டணம், பயணச் செலவுக்காக உறவினரிடம் வாங்கிய கைமாற்று ஆகியவற்றில் பெரும்பாலானவை 39, 44 என்னும் அவ்விரு விகிதங்களுக்குள் வருவதில்லை. அவ்விகிதங்கள் வரி பிடிப்பதற்கு முந்தைய வருமானத்தின் மீது போடப்படுவதால், கையில் வரும் சம்பளத்தில் உண்மையான சுமை இன்னும் பெரிது. புலம்பெயர்ந்த குடும்பத்தின் பொருளாதாரம் இரு நாடுகளில் நடக்கிறது. வங்கி அதில் ஒன்றை மட்டுமே காண்கிறது. எனவே, வங்கி எவ்வளவு தரும் என்பதற்கு முன், இக்கடமைகளையெல்லாம் கழித்தபின் மாதம் எவ்வளவு எஞ்சும் என்ற கணக்கைக் குடும்பம் தானே எழுதிப் பார்க்க வேண்டும். உத்தேசத் தவணைக்கும் தற்போதைய வாடகைக்கும் உள்ள வித்தியாசத்தை ஆறு மாதம் தனிக் கணக்கில் போட்டுவருவது நல்லதொரு சோதனை: அந்த ஆறு மாதமும் சிரமமின்றிக் கழிந்தால் தவணை தாங்கக்கூடியது, இடையில் அந்தக் கணக்கிலிருந்து பணம் எடுக்க வேண்டியிருந்தால், அவ்வீடு இப்போதைக்குப் பெரிது.

கடன் கிடைக்காமல் காத்திருக்கும் ஆண்டுகளை வீணான ஆண்டுகளாகக் கருத வேண்டியதில்லை. தம் பெயரில் கட்டப்படும் ஒவ்வொரு கட்டணமும், முறையாகத் தாக்கல் செய்யப்படும் ஒவ்வொரு வரிக் கணக்கும், வங்கி வழியே நடக்கும் ஒவ்வொரு வாடகைப் பரிமாற்றமும் அக்காலத்தில் தகுதியாகத் திரள்கின்றன. நேர்மையாக உழைப்பவர்களிடம் குறைவாக இருப்பது பெரும்பாலும் நாணயம் அன்று, அதற்கான சான்றே என்பதால், அச்சான்றைச் சேர்க்கும் வழியை, புதிதாக வருபவர்களுக்கு வந்த முதல் மாதத்திலேயே எடுத்துச்சொல்வது முன்னரே வந்து குடியமர்ந்தவர்களின் கடமை. முன்னே வந்தவர்கள் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டதைப் பின்னே வருபவர்களும் தட்டுத்தடுமாறியே கற்க வேண்டியதில்லை.